சேவைச் சங்கங்களுக்கு ஆண்டு விருது: நடுவராக இருந்தவர்கள் எப்படி மதிப்பெண் போட்டீர்கள்?

கொள்ளிடக்கரை எழுதியது:

வணக்கம். ஒரு பொறுப்பு தலையில் வந்து விழுந்திருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

எந்த இயக்கம் என்று சொல்ல வேண்டாம் என நினைக்கிறேன். ஜூலை 1-இல் புதுத் தலைவர் பதவியேற்று அடுத்த ஜூன் 30-இல் இறங்கும் வழக்கம் ரோட்டரி, அரிமா இரண்டிலும் உண்டு, அதுவரை போதும். எங்கள் பகுதியில் 23 சங்கங்கள். இந்த ஆண்டு விருதுகளுக்கு மூன்று நடுவர்கள், அதில் நான் ஒருவன். போன வாரம் கோப்புகள் வந்து சேர்ந்தன, வீட்டுக் கூடத்தில் சோபா முழுக்க அவைதான். சில கோப்புகள் கல்யாண ஆல்பம் கனத்தில், ஒவ்வொரு பக்கமும் லேமினேட் செய்து, பக்கத்துக்கு நாலு படம். சிலது ஸ்டேப்ளர் அடித்த ரெண்டு தாள்.

"சிறந்த சேவைத் திட்டம்" பிரிவில்தான் என் தூக்கம் போகிறது. நகரத்துச் சங்கம் ஒன்று, 90 பேருக்கு மேல் உறுப்பினர்கள், ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்புக்கென ஒதுக்கும்) பணத்தைக் கொண்டுவந்து அரசு மருத்துவமனைக்கு இரண்டு டயாலிசிஸ் இயந்திரம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. கோப்பு கச்சிதம். பில், கடிதம், திறப்பு விழாப் படம், பத்திரிகைச் செய்தி எல்லாம் இருக்கிறது. இன்னொன்று 19 பேர் உள்ள சின்ன ஊர்ச் சங்கம். அவர்கள் அனுப்பியது ரெண்டு தாளும் ஒரு நீள நோட்டும். அவர்களுடைய திட்டம், இறந்தவர்களை வைக்கிற குளிர்பதனப் பெட்டி. சுற்றியுள்ள கிராமங்களில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் காசு வாங்காமல் கொண்டுபோய் வைத்து, காரியம் முடிந்ததும் எடுத்து வருகிறார்கள்.

அந்த நோட்டைப் பிரித்துப் பாருங்கள். தேதி, தெரு, இறந்தவர் வயது, பெட்டி கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், தூக்கிப் போனவர்கள் பெயர். பேனா மை மாறி மாறி, கையெழுத்தும் மாறி மாறி. ஒரு வரி அப்படியே தருகிறேன்: "இரவு 2.10, காலனி மேலத்தெரு, பெண் 71, கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் சேர்த்து." ஆண்டு முழுவதும் எண்ணினால் 64 தடவை. ஒரு படம்கூடக் கிடையாது. துக்க வீட்டில் போய் யார் பேனர் பிடித்துப் படம் எடுப்பார்கள்?

எங்களுக்குக் கொடுத்திருக்கும் மதிப்பெண் தாளில் பயனாளிகள் எண்ணிக்கைக்கு 30, செலவழித்த தொகைக்கு 30, படங்களுக்கு 10, பத்திரிகைச் செய்திக்கு 10, மீதி 20 இயக்கத்தின் சின்னத்தைச் சரியாகப் பயன்படுத்தியதற்கும் மாத அறிக்கையை நேரத்துக்கு அனுப்பியதற்கும். இதன்படி போட்டால் பெட்டிச் சங்கம் 30-ஐத் தாண்டாது. மனசு ஒப்பவில்லை. ஆனால் மனசுக்குப் பட்டபடி மதிப்பெண் போட்டால் அது நடுவர் வேலையும் இல்லை.

இன்னும் ரெண்டு சிக்கல். ஒரே கண் சிகிச்சை முகாமை ரெண்டு சங்கங்கள் தங்கள் கணக்கில் காட்டியிருக்கின்றன. அதே தேதி, அதே பள்ளிக்கூடம். அப்புறம், இந்த 23-இல் என் சொந்தச் சங்கமும் இருக்கிறது. விழா ஜூன் இரண்டாவது ஞாயிறு. என்ன செய்யலாம்?

பழைய செயலாளர் எழுதியது:

முதலில் உங்கள் சொந்தச் சங்கம். அதன் கோப்பைத் தொடாதீர்கள். மற்ற ரெண்டு நடுவர்களும் போடட்டும், அவர்கள் பேசும்போது நீங்கள் அந்த அறையில்கூட இருக்க வேண்டாம். இதை வாய்மொழியாக விடாமல் ஒருங்கிணைப்பாளருக்குக் கடிதமாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு உங்கள் சங்கம் ஒரு ஆறுதல் பரிசு வாங்கினாலும் ஊரெல்லாம் அதைத்தான் பேசும்.

மதிப்பெண் தாளை இப்போது மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. எல்லாச் சங்கமும் அதை நம்பித்தான் கோப்பு தயாரித்திருக்கிறது. ஆனால் "பயனாளி" என்றால் யார் என்று அந்தத் தாளில் எங்காவது எழுதியிருக்கிறதா? இருக்காது. அங்கேதான் உங்களுக்கு இடம் இருக்கிறது. கோப்புகளை இனிமேல் பிரிப்பதற்கு முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்து, பயனாளியை எப்படி எண்ணப் போகிறோம் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அதை 23 சங்கங்களுக்கும் அனுப்புங்கள். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்றால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் மூன்று வருடம் செயலாளராக இருந்தவன், எண்ணிக்கை எப்படிப் பெருகும் என்று எனக்குத் தெரியும். ரத்ததான முகாமில் 60 யூனிட் கிடைக்கும். அறிக்கையில் 180 உயிர்கள் என்று போகும். ஒரு யூனிட்டைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று மூன்றாகப் பிரிக்கலாம் என்பது உண்மைதான், அதற்காக ஒவ்வொரு யூனிட்டும் பிரிக்கப்படுகிறது, ஒவ்வொரு பகுதியும் ஒரு உயிரைக் காக்கிறது என்று கணக்கெழுத முடியாது. தட்டணு அஞ்சு நாள்தான் தாங்கும். ஒரே நாளில் ஊரெல்லாம் முகாம் நடத்தினால் அதில் ஒரு பகுதி வீணாகப் போகும். ஆகவே ரத்த வங்கி கொடுத்த கடிதத்தில் எத்தனை யூனிட்டோ அதை மட்டும் எடுங்கள். ஆண்டு முழுக்கப் பிரித்துப் பிரித்து நடத்திய சங்கத்துக்குக் கூடுதலாகவே கொடுக்கலாம், ஏனென்றால் ஆண்கள் 90 நாளைக்கு ஒரு தடவை, பெண்கள் 120 நாளைக்கு ஒரு தடவைதான் கொடுக்க முடியும், கொடையாளிகளை முறைவைத்துக் கூப்பிடுவது சாதாரண வேலை இல்லை.

நோட்டுப் புத்தகம் கொடுத்த ஒரே நிகழ்ச்சியை நான் நாலு தலைப்பில் நாலு திட்டமாக ஏற்றியிருக்கிறேன். கல்வி, குழந்தைகள் நலம், மக்கள் தொடர்பு, புதிய உறுப்பினர் பங்கேற்பு. அந்த ஆண்டு ஷீல்டும் வந்தது. அதைப் பார்க்கும்போது இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்புறம் அந்த 19 பேர். ரோட்டரியோ அரிமாவோ, புதுச் சங்கத்துக்குச் சார்ட்டர், அதாவது அங்கீகாரப் பத்திரம், வாங்கவே 20 பேர் வேண்டும். அதற்கும் கீழே இறங்கியும் கலையாமல் வருடத்துக்கு 64 தடவை ராத்திரி பகல் பாராமல் போயிருக்கிறார்கள் என்றால், ஒரு உறுப்பினருக்கு எத்தனை தடவை என்று வகுத்துப் பாருங்கள். முடிந்தால் 25 பேருக்குக் கீழே, 25 முதல் 50, அதற்கு மேல் என்று மூன்று தட்டாகப் பிரித்து விருது கொடுங்கள். அதற்கு மதிப்பெண் தாளைத் தொட வேண்டியதே இல்லை.

முல்லைப்பெரியாறு எழுதியது:

நான் கண் முகாம்களில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள், அந்த ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முகாம் என்றால் டாக்டர், கருவி, அறுவை சிகிச்சை, மருந்து எல்லாம் மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். சங்கத்தின் வேலை இடம் பிடிப்பது, நோட்டீஸ், ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்வது, வந்தவர்களுக்கு நாற்காலி, தண்ணீர், சாப்பாடு. அது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இவ்வளவு பேருக்குப் பார்வை கொடுத்ததில் இப்படி இடமும் ஆளும் கொடுத்த உள்ளூர்ச் சங்கங்களுக்கும் பங்கு உண்டு. அரிமாக்களுக்கோ இது 1925-இல் ஹெலன் கெல்லர் நேரில் வந்து கேட்டுக்கொண்டதிலிருந்து நடக்கிற வேலை.

ஆனால் கோப்பில் எல்லோரும் எழுதுவது "பரிசோதனை செய்துகொண்டவர்கள் 280" என்றுதான். நீங்கள் அதை விட்டுவிட்டு வேறு ஒன்று கேளுங்கள்: கண்புரை அறுவை சிகிச்சை வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர், அதில் பஸ் ஏறியவர்கள் எத்தனை பேர்? நான் பார்த்த ஒரு முகாமில் 46 பேருக்குச் சொன்னோம், 29 பேர்தான் ஏறினார்கள். மீதிப் பேர் ஏறாமல் நின்றது பயத்தால் இல்லை. ஒரு அம்மாவுக்கு மாட்டைப் பார்க்க ஆள் இல்லை. ஒருவருக்கு வீட்டில் படுத்த படுக்கையாக மனைவி. ஒரு பாட்டிக்கு மகன் வந்து சொன்னால்தான் ஏறுவேன் என்று பிடிவாதம். அந்தச் சங்கத்தில் மூன்று பேர் அடுத்த வாரம் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். மாட்டுக்கு ஆள் ஏற்பாடு செய்தார்கள், அந்த மகனைத் திருப்பூரிலிருந்து போனில் பேச வைத்தார்கள். இன்னும் 11 பேர் ஆபரேஷனுக்கு வந்தார்கள். அந்த 11 பேரைப் பற்றி அவர்கள் கோப்பில் ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

ரெண்டு சங்கமும் ஒரே முகாமைக் காட்டியிருப்பதில் உடனே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம் சார். பல இடங்களில் ஒருத்தர் இடம், ஒருத்தர் சாப்பாடு என்று சேர்ந்துதான் செய்கிறார்கள். ரெண்டு தலைவர்களையும் ஒரே அழைப்பில் வைத்துப் பேசுங்கள், தனித்தனியாகக் கேட்காதீர்கள். யார் எதைச் செய்தார்கள் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். எண்ணிக்கையை மட்டும் ஒரு தடவை எண்ணுங்கள்.

நொய்யல் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் பேச்சு போகிற போக்கில் பணம் கொண்டுவந்த சங்கம் ஏதோ குறைந்த வேலை செய்தது போல ஆகிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்துக்கு ரெண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் வேண்டும், உயிர் இருக்கும்வரை அல்லது மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை. இரண்டு இயந்திரம், நாளைக்கு மூன்று ஷிப்ட், வாரத்தில் ஆறு நாள் என்றால் 36 அமர்வு. வாரம் மூன்று தடவை வருகிறவர்கள் என்று வைத்தால் 12 பேர். நோட்டீஸில் போட 12 என்பது சின்ன எண். ஆனால் அந்த 12 குடும்பங்கள் வாரம் மூன்று நாள் பஸ் பிடித்து வெளியூர் போய் நாள் கூலியை இழக்காமல் இருக்கின்றன.

சிஎஸ்ஆர் பணம்தானே என்று தள்ள வேண்டாம். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் கடந்த மூன்று வருட லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் செலவு செய்தாக வேண்டும், உண்மை. ஆனால் அந்தப் பணம் தானாக உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு வந்து சேராது. எங்கள் சங்கம் ஒரு இயந்திரத்துக்கு 14 மாதம் அலைந்தது. மருத்துவமனைக் கடிதம், அனுமதி, மின் இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை நாளை விட்டுவிட்டு யாரோ ஒரு உறுப்பினர் போய் வராண்டாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த உழைப்புக்கு மதிப்பெண் கொடுங்கள், நிறுவனத்தின் காசோலைக்குக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று. இயந்திரம் ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒரு அமர்வுக்கு 120 லிட்டருக்குக் குறையாமல் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். தண்ணீர் பிளாண்ட் நின்றாலோ டெக்னீசியன் இல்லாவிட்டாலோ பராமரிப்பு ஒப்பந்தம் போடாவிட்டாலோ அது வெறும் பெட்டி. ஒரு பள்ளியில் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கொடுத்த இடத்துக்கு நான் நடுவராகப் போனேன். வெளியே கிரானைட்டில் ஏழு பேர் பெயர். உள்ளே குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. வடிகட்டியை மாற்ற வேண்டும் என்று யாரும் தலைமையாசிரியரிடம் சொல்லவே இல்லை. பிள்ளைகள் பக்கத்து டேங்கில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து படத்தை நம்பி நான் ஒரு மதிப்பெண்ணும் போட்டதில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தம்பி, எனக்கு 74 வயது. 1995-இல் பல்ஸ் போலியோ ஆரம்பித்த வருடத்திலிருந்து சொட்டு மருந்து மையத்தில் உட்கார்ந்தவன். ரோட்டரி 1985-லேயே போலியோவை ஒழிப்பது என்று கையில் எடுத்துவிட்டது, அது பெரிய கதை, அதை விடுங்கள். மையத்தில் என் வேலை சொட்டு மருந்து கொடுத்த பிள்ளையின் இடது சுண்டு விரலில் மை வைப்பது. முதல் வருடம் சாயந்திரம் எண்ணிப் பார்த்து 400 பிள்ளைகள் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பொறுப்பாக இருந்த செவிலியர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சார், 400 இருக்கட்டும், மை இல்லாத விரல் எங்கே இருக்கிறது, நாளைக்கு அதைத் தேடணும்" என்றார். மறுநாள் செங்கல் சூளைப் பக்கம் போனோம். ஒரே வரிசையில் ஒன்பது பிள்ளைகள், ஒரு விரலிலும் மை இல்லை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள், மைக் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருந்தாலும் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை.

நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில், ஹவுரா பக்கம். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் வந்தது. அந்த மை இல்லாத விரலைத் தேடிப் போனதால்தான் வந்தது.

அதனால் ஒவ்வொரு சங்கத்திடமும் ஒரே ஒரு கேள்வியை எல்லோருக்கும் பொதுவாகக் கேளுங்கள்: உங்கள் திட்டத்தில் விட்டுப்போனவர்கள் யார், அவர்களுக்கு என்ன செய்தீர்கள்? வேலை செய்தவனுக்கு அந்தப் பதில் உடனே வாயில் வரும்.

கொள்ளிடக்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

என் சங்கத்தின் கோப்பைக் கடிதத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். பயனாளியை எப்படி எண்ணுவோம் என்று ஒரு பக்கம் எழுதி மூவரும் கையெழுத்திட்டு எல்லாச் சங்கத்துக்கும் வாட்ஸ்அப்பிலும் தபாலிலும் அனுப்பியாயிற்று. ரெண்டு சங்கங்கள் கோபித்துக்கொண்டன. நாலு சங்கங்கள் தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே திருத்தி அனுப்பின, நான் இதை எதிர்பார்க்கவில்லை. உறுப்பினர் எண்ணிக்கைப்படி மூன்று தட்டு என்பதற்கு ஒருங்கிணைப்பாளர் முதலில் ஷீல்டு செலவு கூடும் என்று தயங்கினார், பிறகு ஷீல்டின் உயரத்தைக் குறைத்தால் போச்சு என்று அவரே வழி சொன்னார்.

நேற்று ரெண்டு இடத்துக்கும் போனேன். டயாலிசிஸ் பிரிவில் இரண்டு இயந்திரமும் ஓடுகின்றன. ஒரு கட்டிலில் முப்பது வயசுக்குள் இருக்கும் ஒரு தம்பி, கையில் ஊசியோடு செல்போனில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஷிப்டுக்கு டெக்னீசியன் இல்லை என்று அங்கே இருந்த சிஸ்டர் சொன்னார். விட்டுப்போனவர்கள் யார் என்று வாத்தியார் ஐயா சொன்ன கேள்வியைச் சங்கத் தலைவரிடம் கேட்டேன். காத்திருப்போர் பட்டியலில் அஞ்சு பேர் என்று பேரோடு சொன்னார், டெக்னீசியன் சம்பளத்துக்கு உறுப்பினர்களிடம் மாதாமாதம் வசூலிக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். இது எதுவும் அந்தக் கச்சிதமான கோப்பில் இல்லை.

பெட்டி ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கிறது. கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர் சங்கத்தின் பொருளாளர், ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மேலே ஒரு பழைய வேட்டியால் மூடியிருந்தார்கள். அடிப்பக்கம் சக்கரம் ஒன்று தேய்ந்து மரக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தது, வயரில் பிளக் பாயிண்ட் எட்டாத வீடுகளுக்காக முப்பது அடிக்கு நீட்டம் சேர்த்திருந்தார்கள். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பங்குனியில ஒரே ராத்திரி ரெண்டு வீட்டுலேர்ந்து கூப்பிட்டாங்க சார். ஒரு வீட்டுக்குத்தான் கொடுக்க முடிஞ்சுது. இன்னொரு வீட்டுக்கு நாங்க அஞ்சு பேர் ஐஸ் பார் வாங்கிட்டுப் போய் விடியற வரைக்கும் கூடவே இருந்தோம்" என்றார். நோட்டில் தேடிப் பார்த்தேன். அந்தத் தேதியில் ஒரு வரிதான் இருக்கிறது. பெட்டி போகாத வீட்டை அவர்கள் எழுதவில்லை.

மதிப்பெண் இன்னும் முடியவில்லை. இந்த ஞாயிறு 500 மரக்கன்று நட்டதாகச் சொன்ன சங்கத்தின் ஏரிக்கரைக்குப் போகிறேன், காலை ஆறரைக்கு மற்ற ரெண்டு நடுவர்களும் வருகிறார்கள். மரக்கன்று விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

பழைய செயலாளர் எழுதியது:

கூண்டு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். ஆடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் எத்தனை கன்று நின்றது என்று தெரியும். மழையை நம்பி ஐப்பசியில் நட்டதா, நிகழ்ச்சிக்காகச் சித்திரை வெயிலில் நட்டதா என்பது தேதியிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொன்றாக எண்ணுங்கள், ரெண்டு பேர் தனித்தனியாக.